கோவேறு கழுதைக்கும் ஒரு வக்ஃபு

இஸ்லாமிய வரலாற்று நூல்களில் தலைநகரங்களுக்குக் குறைவில்லை. பக்தாதின் வட்ட மதில், கெய்ரோவின் கோட்டை, குர்துபாவின் தூண்கள் என்று படித்துக்கொண்டே போகலாம். ஆனால் மதிலுக்கு வெளியே, புறநகரில் வாழ்ந்த எளிய மக்கள் எங்கிருந்து தண்ணீர் எடுத்தார்கள், நோயாளியை எங்கே கொண்டு சென்றார்கள், அநாதைப் பிள்ளைக்கு யார் சட்டை தந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலான நூல்கள் மௌனமாகிவிடும். அந்த மௌனத்துக்கு ஒரு விதிவிலக்கு, திமிஷ்க் எனும் டமாஸ்கஸ் நகருக்கு வெளியே, காஸியூன் மலைச்சரிவில் எழுந்த சாலிஹிய்யா. அங்கு வாழ்ந்தவர்களே தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஊரைப் பற்றி எழுதி வைத்தார்கள். ஆகவேதான் அவ்வூரின் கிணற்றைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் நம்மால் இன்று பேச முடிகிறது.

அவ்வூரைத் தோற்றுவித்தவர்கள் மன்னர்கள் அல்லர், அகதிகள். பலஸ்தீனில் நாப்லுஸ் நகருக்கு அருகிலுள்ள ஜம்மாஈல் எனும் சிற்றூரின் கதீபாக இருந்தவர் ஷெய்கு அஹ்மத் இப்னு குதாமா (ரஹ்). அப்பகுதி அப்போது சிலுவைப் போராளிகளின் ஆட்சியில் இருந்தது. மற்ற பிரபுக்கள் தலைக்கு ஒரு தீனார் வரி வாங்கிய காலத்தில் இவ்வூரார் மீது அதிகாரம் செலுத்திய பிரபு நான்கு தீனார் வாங்கினான் என்று அக்குடும்பத்தில் பின்னர் பிறந்த ஹதீஸ் அறிஞர் ளியாவுத்தீன் மக்திஸி (ரஹ்) எழுதுகிறார். ஜுமுஆவுக்குச் சுற்றுப்புற மக்கள் ஷெய்கிடம் திரள்வது அவனுக்குப் பொறுக்கவில்லை. தம்மைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்ற செய்தி எட்டியதும் ஹிஜ்ரி 551இல் (கி.பி. 1156) ஷெய்கு திமிஷ்குக்குத் தப்பிச் சென்றார். அவரைத் தொடர்ந்து மனைவி மக்களும், உறவினரும், மர்தா, யாசூஃப் முதலிய அண்டைச் சிற்றூர்க்காரர்களும் சிறுசிறு குழுக்களாகச் சென்று சேர்ந்தனர்.

நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே இருந்த அபூ ஸாலிஹ் பள்ளிவாசலில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. நெருக்கடியான இடம், நோய் பரவியது, பலர் இறந்தனர். பிறகு மலைச்சரிவுக்குக் குடிபெயர்ந்து, யஸீத் கால்வாய்க்கு அருகில் சில அறைகளைக் கட்டிக்கொண்டார்கள். அந்த அறைகளே சாலிஹிய்யாவின் தொடக்கம். ஸாலிஹ் என்றால் நல்லடியார் என்று பொருள். நல்லடியார்களின் ஊர் என்று பிறர் புகழத் தொடங்கியபோது, நாங்கள் அபூ ஸாலிஹ் பள்ளியிலிருந்து வந்தவர்கள், அதனால்தான் இப்பெயர், நாங்கள் நல்லவர்கள் என்பதால் அன்று என்று ஷெய்கின் மூத்த மகன் அபூ உமர் (ரஹ்) சொல்லிவந்ததாக ஒரு குறிப்பு உண்டு. அந்த அடக்கம் அவ்வூரின் இயல்பாகவே இருந்ததை அவர்கள் செய்த காரியங்களும் காட்டுகின்றன.

அபூ உமர் அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய தம்பி முவஃப்பகுத்தீன் இப்னு குதாமா (ரஹ்) அல்முஃக்னீ எனும் பெருநூலின் ஆசிரியர் என்பதால் உலகப் புகழ் பெற்றார். ஊர் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஏறத்தாழப் பத்து வயது. அண்ணனோ நூலாசிரியராக அன்றி ஊராளராகவே வாழ்ந்தார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் படையோடு சென்று 1187இல் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டபோது உடனிருந்தார். ஊர் திரும்பியதும் குர்ஆன் பிரதிகளையும் தம்பியின் நூலையும் தம் கையால் படியெடுத்து, கேட்டவர்களுக்குக் கூலியின்றிக் கொடுத்தார். குறையுடன் வருபவர்களுக்காக ஆட்சியாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் அவர் வழக்கம். மலையில் ஏறிப் புதர்ச்செடிகளை விறகுக்காகச் சேகரித்துக் கட்டி, விதவைகள், அநாதைகளின் வீடுகளுக்குச் சுமந்து செல்வார். இரவில் மாவும் திர்ஹங்களும் கொண்டுபோய்த் தாம் யாரென்று தெரியாமல் கொடுத்துவிட்டு வருவார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இன்று நகராட்சி, அஞ்சலகம், ரேஷன் கடை, சட்ட உதவி மையம் என்று நாம் பிரித்துப் பெயரிடும் பணிகளில் பெரும்பகுதி அன்று அந்தச் சரிவில் ஒரு மனிதரின் தோளில் இருந்தது.

ஒரு மனிதரின் தோளில் இருப்பது அவரோடு போய்விடும். அபூ உமர் அவர்கள் அதை உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் அவர் கட்டியவை எல்லாம் அவருக்குப் பின்னும் நிற்கும்படியாக அமைந்தன. குர்ஆன் கற்பதற்காக ஒரு மத்ரஸா ஏற்படுத்தினார்; அது அவர் பெயராலேயே உமரிய்யா என்று அழைக்கப்பட்டது. ஊருக்கு ஒரு ஜுமுஆப் பள்ளியும் தேவைப்பட்டது. அந்தப் பள்ளியின் கதையை இப்னு கஸீர் (ரஹ்) தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார்.

ஹிஜ்ரி 598இல் (கி.பி. 1202) உள்ளூர்ச் செல்வர் அபூ தாவூத் மஹாஸின் என்பவர் தம் பணத்தில் பள்ளியைக் கட்டத் தொடங்கினார். சுவர் ஓர் ஆள் உயரம் எழும்பியபோது கைப்பொருள் தீர்ந்துவிட்டது. (நம் ஊர்ப் புறங்களில் கம்பிகள் நீட்டியபடி ஆண்டுக்கணக்கில் நிற்கும் பள்ளிகளைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.) செய்தி எர்பிலின் ஆட்சியாளர் முளஃப்பருத்தீன் கோக்புரிக்கு எட்டியது. எர்பில் இன்றைய இராக்கின் வடக்கே இருக்கிறது; சாலிஹிய்யாவுக்கும் அவருக்கும் ஆட்சித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் அவர் மூவாயிரம் தீனார் அனுப்பி வைத்தார், பள்ளி நிறைவடைந்தது. ஹனாபிலாப் பள்ளி என்றும் முளஃப்பரீ பள்ளி என்றும் அதற்கு இரு பெயர்கள் ஏற்பட்டது இதனால்தான்.

பள்ளி கட்டியாயிற்று, ஆனால் தண்ணீர் இல்லை. பரதா ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் மிக உயரமான யஸீத் கால்வாய்கூடப் பள்ளிக்குக் கீழேதான் ஓடியது. முளஃப்பருத்தீன் மேலும் ஆயிரம் தீனார் அனுப்பி, பர்ஸா எனும் ஊரிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திமிஷ்கை ஆண்ட மன்னர் முஅள்ளம் அதற்கு அனுமதி மறுத்தார். வாய்க்கால் செல்லும் வழியில் முஸ்லிம்களின் கப்ருகள் பல இருக்கின்றன, அவற்றைத் தோண்ட முடியாது என்பது அவர் கூறிய காரணம். அது உண்மையான காரணமா, அண்டை நாட்டு ஆட்சியாளரின் பணம் தம் எல்லைக்குள் பாய்வது பிடிக்காமல் சொன்ன சாக்கா என்று ஐயப்படுவோரும் இருக்கலாம். நம்மைப் பொறுத்தவரை அதற்குப் பிறகு நடந்ததே முக்கியம். வாய்க்காலைக் கைவிட்டு, பள்ளியிலேயே ஒரு கிணறு தோண்டினார்கள். நீர் இறைக்க ஒரு சக்கரம்; சக்கரத்தைச் சுற்ற ஒரு கோவேறு கழுதை; அந்த ஏற்பாட்டின் செலவுக்கென்று தனியாக ஒரு வக்ஃபு.

இக்கடைசி ஏற்பாட்டை நாம் படித்தவுடன் கடந்து போய்விடக் கூடாது. கிணறு தோண்டுவது பெரும் நன்மை என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்ட உஸ்மான் (ரலி) அவர்களின் செய்தியைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. ஆனால் ஆழமான கிணற்றில் இருக்கும் நீர் தானாக மேலே வராது. இறைக்கும் விலங்குக்கு அன்றாடம் தீனி வேண்டும். அது கிழடானால் வேறொன்று வாங்க வேண்டும். கயிறு அறும், மரச்சக்கரம் உளுக்கும். ஸதகத்துல் ஜாரியா என்ற சொல்லில் ஜாரியா என்பதன் பொருள் ஓடிக்கொண்டிருப்பது. ஓட்டம் நிற்காமலிருக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், கொடுத்தவரின் எண்ணத்துக்கு நன்மை உண்டு. ஊருக்குத் தண்ணீர் இல்லை. இன்று மனைப்பிரிவுகளில் எழும் புதிய பள்ளிகளுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் பலர் முன்வருகிறார்கள். மோட்டாரின் மின் கட்டணத்துக்கு ஒருவர் வக்ஃபு செய்ததாக நாம் இதுவரை கேள்விப்படவில்லை.

இந்தக் கவலை ஃபிக்ஹு நூல்களிலும் இருக்கிறது. பாழடைந்து பயன் தராத வக்ஃபுச் சொத்தை விற்று அதன் விலையில் பயன் தரும் வேறொன்றை வாங்கி அதே வக்ஃபாக்குவதையும், போருக்கென வக்ஃபு செய்த குதிரை அதற்குத் தகுதியற்றுப் போனால் அதை விற்று வேறு குதிரை வாங்குவதையும் ஹன்பலி மத்ஹபு அனுமதிக்கிறது. இமாம் இப்னு குதாமா அல்முஃக்னீயில் இதை விரித்துரைக்கிறார். வக்ஃபின் கல்லும் மண்ணும் அப்படியே கிடப்பதைவிட அதன் பயன் நீடிப்பது முதன்மையானது என்பதே அதன் உட்கருத்து. மற்ற மத்ஹபுகளின் அறிஞர்களில் பலர் இதை எளிதில் ஏற்கவில்லை. விற்கும் வாசலைத் திறந்தால் திருடரும் அவ்வழியே நுழைவர் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தையும் குறைசொல்ல இயலாது. சாலிஹிய்யாவின் பிற்கால வரலாறே அதற்குச் சான்று.

முளஃப்பருத்தீன் என்ற பெயர் நம் ஊர்களில் மவ்லிது விவாதத்தின்போது மட்டுமே ஒலிக்கிறது. மவ்லிதைப் பெருவிழாவாகக் கொண்டாடிய மன்னர் என்று ஒரு தரப்பு புகழ்வதும் மறுதரப்பு இகழ்வதுமாக அவர் ஒரு வாதப்பொருளாகவே ஆகிவிட்டார். விதவைகளுக்கும், அநாதைகளுக்கும், வீதியில் விடப்பட்ட கைக்குழந்தைகளுக்கும் தனித்தனி இல்லங்கள் அமைத்து, குழந்தைகளுக்குப் பாலூட்டத் தாதியரை நியமித்தவர் அவர். பார்வையற்றோருக்கும் தீராநோயாளிகளுக்கும் விடுதிகள் கட்டி அவற்றை நேரில் சென்று நலம் விசாரித்தவர் என்று இப்னு கல்லிகான் (ரஹ்) எழுதியிருக்கிறார். விவாத மேடைகளில் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அவருடைய மனைவி ரபீஆ காத்தூன், ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரி. கணவர் இறந்தபின் திமிஷ்கில் வாழ்ந்த அவர், சாலிஹிய்யாவில் ஸாஹிபிய்யா மத்ரஸாவைக் கட்டி வக்ஃபு செய்தார், கி.பி. 1246இல் இறந்து அங்கேயே அடக்கமானார். அவரை அப்பணிக்குத் தூண்டியவர் அமத்துல் லத்தீஃப் எனும் ஆலிமா. அந்த ஆலிமாவும் தம் பங்குக்கு ஒரு ஹதீஸ் கல்விக்கூடம் நிறுவினார். இவ்வூரின் நிறுவனங்களைக் கட்டியதிலும் அவற்றில் கற்றதிலும் கற்பித்ததிலும் பெண்களின் பங்கு ஓரமாகக் குறிப்பிட வேண்டிய ஒன்றன்று. ஸைனப் பின்த் அல்கமால் 14ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் புகழ்பெற்ற ஹதீஸ் ஆசிரியை. ஆயிஷா பின்த் அப்துல் ஹாதியிடம் ஹதீஸ் கேட்டவர்களில் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானியும் (ரஹ்) ஒருவர்.

13ஆம் நூற்றாண்டின் நடுவில் சைஃபுத்தீன் கைமரீ எனும் குர்திய அமீர் இங்கு ஒரு மருத்துவமனை எழுப்பினார். கைமரீ பீமாரிஸ்தான் என்று வழங்கும் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அம்மருத்துவமனைக்கு எந்தெந்தச் சொத்துகளின் வருவாய் உரியது என்பதைக் கல்லில் வெட்டி முகப்பிலேயே பதித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எந்த வழிப்போக்கனும், இந்த மருத்துவமனைக்கு இன்ன இடத்திலிருந்து வருமானம் வருகிறதே, உள்ளே மருந்து ஏன் இல்லை என்று கேட்டுவிட முடியும். ஆவணத்தைப் பெட்டியில் பூட்டி முத்தவல்லியின் வீட்டில் வைப்பதற்கும் வாசற்சுவரில் வெட்டி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

கி.பி. 1300இன் தொடக்கத்தில் மங்கோலிய மன்னன் காஸானின் படை திமிஷ்கைக் கைப்பற்றியது. மதிலுக்குள் இருந்த நகரம் ஓரளவு தப்பியது. மதிலில்லாத சாலிஹிய்யா சூறையாடப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டனர். பள்ளிகளின் விரிப்புகளும் விளக்குகளும், நூலகங்களின் ஏடுகளும் கொள்ளை போயின. கைதிகளை விடுவிக்க இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் படைத்தலைவர்களிடம் அலைந்தது அப்போதுதான்.

அதன்பின் 26 ஆண்டுகள் கழித்து, 1326இல், இப்னு பதூதா திமிஷ்க் வந்தார். சாலிஹிய்யாவைப் பெரிய ஊர் என்றும், அதன் கடைத்தெருவுக்கு அழகில் இணையில்லை என்றும் வியக்கிறார். ஜுமுஆப் பள்ளியையும் மருத்துவமனையையும் குறிப்பிடுகிறார். அபூ உமர் அவர்களின் மத்ரஸாவில் குர்ஆன் கற்பவர்கள் சிறுவர்கள் மட்டுமல்லர். நடுவயதினரும் முதியவரும் அங்கே கற்கிறார்கள், அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உணவும் உடையும் வக்ஃபிலிருந்து கிடைக்கின்றன என்கிறார். வயதானபின் ஓதக் கற்க வெட்கப்பட்டு மூலையில் ஒதுங்கும் ஒருவருக்கு, உன் வீட்டுச் செலவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வந்து உட்கார் என்று சொன்ன ஊர் அது. திமிஷ்கில் அவர் கண்ட மற்ற வக்ஃபுகளும் இத்தகையவையே: ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர்களுக்காகப் பிறரை அனுப்ப, ஏழைப் பெண்களுக்குத் திருமணச் சீர் தர, கைதிகளை மீட்க, தெருவோரத்தில் நடைபாதை அமைக்க என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிட்டு நின்ற ஒரு சிறு அடிமையை அவர் கண்டார். சுற்றி நின்றவர்கள், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களின் வக்ஃபுப் பொறுப்பாளரிடம் போ என்றார்கள். அவர் துண்டுகளைப் பார்த்துப் புதுத் தட்டுக்கான விலையைக் கொடுத்தார். எசமானனின் அடிக்கு அஞ்சி நடுங்கும் ஒரு பிள்ளையின் மனத்தையும் ஊரின் பொறுப்பாகக் கருதியவர்கள் அவர்கள்.

பின்வந்த யூசுஃப் இப்னு அப்துல் ஹாதி (ரஹ்) இதே ஊர்க்காரர், 1503இல் இறந்தவர். திமிஷ்கின் பள்ளிவாசல்களுக்கு ஒரு நூல், குளியலகங்களுக்கு ஒரு நூல் என்று ஊர் வசதிகளை எண்ணி எண்ணி எழுதியவர். சமையலைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவரும், 1546இல் இறந்த அவருடைய மாணவர் இப்னு தூலூனும் எழுதி வைத்த செய்திகளால் உமரிய்யாவின் அன்றாட வாழ்வு நமக்குத் தெரியவருகிறது. நாள்தோறும் ரொட்டி பங்கிடப்பட்டது. தங்கியிருப்போருக்குச் சட்டையும் சோப்பும் கிடைத்தன. ரமளானில் சமைத்த உணவு, வெள்ளிக்கிழமை இரவில் உலர்ந்த திராட்சையும் வறுத்த கடலையும், அறைகளுக்குப் பாய், ஆண்டுதோறும் அநாதை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சுன்னத்து. குளிர்காலத்தில் கடமையான குளிப்புக்கு வெந்நீர் காய்ச்சித் தரவும் ஓர் ஏற்பாடு இருந்தது. மலைச்சரிவின் குளிரில் ஃபஜ்ருக்கு முன் எழுபவனின் சங்கடத்தை நினைத்துப் பார்த்து ஒருவர் தம் சொத்தை எழுதி வைத்திருக்கிறார்.

இத்தனையும் எப்படி மறைந்தன? ஒரு படையெடுப்பு அழித்தது என்று சொல்ல நமக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அவ்வாறு சொல்வதற்கில்லை. காஸானின் படை கொள்ளையிட்டதை ஊர் ஒரு தலைமுறைக்குள் மீட்டெடுத்தது. ஏனெனில் வயலும் தோட்டமும் கடையும் வக்ஃபாகவே நின்றன, அவற்றின் வருவாய் மீண்டும் வந்தது. 1518இல் உஸ்மானிய சுல்தான் சலீம், இப்னு அரபியின் அடக்கத்தலத்தருகே பள்ளியும் அதன் எதிரே ஏழைகளுக்கான சமையற்கூடமும் கட்டி ஊருக்குப் புதுக்களை தந்தார். மீட்க முடியாமல் போனது அதற்குப் பின் நிகழ்ந்த சிறுசிறு களவுகளைத்தான். வக்ஃபுச் சொத்தைப் பொறுப்பாளர்களே தமதாக்கிக்கொள்வதும், நூலை இரவல் வாங்கிய மாணவர் திருப்பித் தராததும் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அப்துல் காதிர் பத்ரான் (ரஹ்), உமரிய்யாவின் வக்ஃபுகள் விழுங்கப்பட்டதையும் ஏடுகள் சூறை போனதையும் வேதனையோடு பதிவுசெய்தார். உமர் (ரலி) அவர்கள் தம் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம், சேர்த்து வைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது ஸஹீஹான செய்தி. அந்த நிபந்தனையின் முதற்பாதியை எல்லா முத்தவல்லிகளும் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள்.

1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷெய்கு தாஹிர் ஜஸாயிரி (ரஹ்) முதலியோர் முயன்று, திமிஷ்கின் மத்ரஸாக்களில் எஞ்சியிருந்த ஏடுகளைத் திரட்டி ளாஹிரிய்யா எனும் பொது நூலகத்தில் சேர்த்தார்கள். உமரிய்யாவில் மிஞ்சியவையும் அங்கே போயின. அவற்றுள் யூசுஃப் இப்னு அப்துல் ஹாதி உமரிய்யாவுக்கு வக்ஃபு செய்த நூல்களும் பல. வீட்டில் தாம் ஒரு ஹதீஸ் நூலை வாசிக்கும்போது அமர்ந்து கேட்டவர் யார் யார் என்று ஏட்டின் ஓரத்தில் எழுதி வைப்பது அவர் வழக்கம். துணைவியார் புல்புலின் பெயரும், பிள்ளைகளின் பெயர்களும், வாசித்த நாளும் அவர் கையெழுத்தில் அங்கே இருக்கின்றன.